கதிரையை அளந்துவிட்டுக் கடைக்குப் போங்கள்

மட்டக்களப்பு வாவியின் கிழக்குப் பக்கமான எழுவான்கரையில் ஒரு கிராமத்திலிருந்து ஒரு சகோதரி, புது ரீவி வாங்குவது பற்றி நான்கு பக்கக் கடிதம் அனுப்பியிருக்கிறார். பெயரும் ஊரும் வேண்டாம் என்று கேட்டிருப்பதால் விஷயத்தை மட்டும் சுருக்கித் தருகிறேன்.

வீட்டில் இருந்த பழைய 21 இன்ச் பெட்டி ரீவி ஐப்பசி இடியோடு போய்விட்டது. கட்டாரில் இருக்கும் தம்பி புது ரீவிக்கென்று 150,000 ரூபா அனுப்பியிருக்கிறார். தரம் 8 படிக்கும் மகன் 55 இன்ச் 4கே தான் வேண்டும் என்று நிற்கிறான். கணவர், "எச்டி காணும், எதுக்கு வீண் செலவு" என்கிறார். கல்முனையில் ஒரு கடையில் 32 இன்ச் "4கே ஸ்மார்ட்" ரீவியை மலிவாகத் தருவதாகச் சொல்கிறார்கள். மட்டக்களப்பு ரவுனில் இன்னொரு கடையில் 65 இன்ச் ரீவி கைக்காசுக்கு 235,000. தவணைக்கு என்றால் மாதம் 12,900 வீதம் 24 மாதம். தம்பியோ, "அங்க வாங்காதீங்க அக்கா, நான் வரேக்க கொண்டு வாறன்" என்கிறார்.

அவர்கள் பார்ப்பது டிஷ்ஷில் நாடகம், செய்தி, கிரிக்கெட். 4ஜி ரவுட்டரில் கொஞ்சம் யூடியூப். 71 வயது அப்பாவின் கதிரை ரீவி வைக்கும் சுவரிலிருந்து 11 அடி. பிள்ளைகள் பாயில் 6 அடி தூரத்தில் இருப்பார்கள். அப்பாவுக்கு ஒரு கண்ணில் வெண்புரை எடுத்தாயிற்று, மற்றக் கண்ணுக்கு இன்னும் இல்லை. 4கே வாங்கினால் டிஷ் படம் தெளிவாகுமா, பிள்ளைகளின் கண் கெடுமா, கரண்ட் பில் ஏறுமா, எதை வாங்குவது என்பவை கேள்விகள். கடைசியில் ஒரு வரி: உயர்தரம் படிக்கும் மகள் லப்டொப்பை ரீவியில் தொடுத்துக் கடந்தகால வினாத்தாள்களைப் பார்க்க ஆசைப்படுகிறாளாம்.

அன்புள்ள சகோதரி,

உங்கள் கடிதத்தில் எனக்கு மிகவும் பிடித்தது அந்த 11 அடியும் 6 அடியும். ரீவி வாங்க வருபவர்கள் காசைச் சொல்வார்கள், இன்ச்சைச் சொல்வார்கள். எவ்வளவு தூரத்தில் இருந்து பார்க்கிறோம் என்று அளந்து சொல்பவர்கள் குறைவு. 26 வருடமாக ரீவி திருத்தும் வேலை செய்கிறேன். ரெசலூசனைத் தீர்மானிக்கும் முதல் அளவு அந்தத் தூரம்தான் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

டிஷ் படம் ஏன் தெளிவாகாது

முதலில் உங்கள் எதிர்பார்ப்பு ஒன்றைத் திருத்த வேண்டும். 4கே ரீவி வாங்கினால் இப்போது வரும் டிஷ் படம் 4கே ஆகிவிடும் என்று மகன் உங்களிடம் சொல்லியிருக்கிறான் போலிருக்கிறது. ஆகாது.

ரெசலூசன் என்பது திரையில் எத்தனை புள்ளிகள் இருக்கின்றன என்ற கணக்கு. எச்டி இல்லாத சாதாரண சனல் ஒன்றின் படம் அகலத்துக்கு 720, உயரத்துக்கு 576 புள்ளிகளுக்கு மேல் வராது. பெருக்கினால் 414,720. ஃபுல் எச்டி திரை 1920க்கு 1080, அதாவது ஏறத்தாழ 20 இலட்சம் புள்ளிகள். 4கே திரை 3840க்கு 2160, ஏறத்தாழ 83 இலட்சம். இந்த 83 இலட்சத்தை அந்த 414,720 ஆல் வகுத்துப் பாருங்கள், சரியாக 20 வரும். டிஷ்ஷில் இருந்து ஒரு புள்ளி வந்தால் மிச்சம் 19 புள்ளிகளையும் ரீவியே ஊகித்துப் போட வேண்டும். நல்ல ரீவி பக்கத்துப் புள்ளிகளைப் பார்த்து ஓரளவு சரியாக ஊகிக்கும். மலிவு ரீவியில் முகம் மெழுகு பூசியது போலவும், எழுத்தின் ஓரம் நுளம்பு மொய்த்தது போலவும் தெரியும். உங்கள் பழைய 21 இன்ச் பெட்டியில் அதே சனல் "கிளியராக" இருந்திருக்கும். அங்கே படம் சிறியது, குறை தெரியவில்லை. அதையே 65 இன்ச்சுக்கு இழுத்தால் குறையும் சேர்ந்துதான் பெரிதாகும்.

அதனால் ரீவிக்குக் காசு கட்டுமுன் இரண்டு விஷயம் பாருங்கள். டிஷ் பெட்டி எச்டி பெட்டியா, பொதியில் எச்டி சனல் இருக்கிறதா என்பது ஒன்று. மற்றது வயர். மஞ்சள், சிவப்பு, வெள்ளை என்று மூன்று தலை உள்ள வயரில் எச்டி படம் போகவே போகாது. எச்டிஎம்ஐ வயர் வேண்டும். வீடுகளுக்குப் போனால் புது ரீவி, எச்டி பெட்டி, மாதாமாதம் எச்டி பொதிக்குக் கட்டும் காசு எல்லாம் இருக்கும். நடுவில் அந்த மூன்று தலை வயர் கிடக்கும். வயரை மாற்றியதும், "அண்ணே, இது வேற ரீவி மாதிரி இருக்கு" என்று வீட்டுக்காரர் சொன்னது எனக்கு எத்தனையோ வீட்டில் நடந்திருக்கிறது.

யூடியூப்பில் 4கே வீடியோ உண்டு. ஆனால் நீங்கள் 4ஜி ரவுட்டரில் பார்க்கிறீர்கள். நெட்பிளிக்ஸ் தானே சொல்லும் கணக்கின்படி 4கே பார்க்க செக்கனுக்கு 15 மெகாபிட் இணைய வேகம் வேண்டும், மணிக்கு 7 ஜிபி வரை போகும். எச்டி என்றால் மணிக்கு 3 ஜிபி வரை. 100 ஜிபி டேட்டா போட்டால் 4கே படம் 14 மணித்தியாலம்தான். பின்னேரம் எல்லா வீட்டிலும் போனைத் திறக்கும் நேரத்தில் உங்கள் ரவுட்டரில் அந்த வேகம் வருகிறதா என்று மகனையே இரண்டு மூன்று நாள் அளந்து எழுதி வைக்கச் சொல்லுங்கள்.

கண்ணுக்கு எவ்வளவு தெரியும்

நல்ல பார்வை உள்ள கண் ஒரு பாகையில் 60இல் ஒரு பங்கு வரைக்கும்தான் இரண்டு புள்ளியைப் பிரித்துப் பார்க்கும். அதைவிட நெருக்கமாக இருந்தால் இரண்டும் ஒன்றாகத் தெரியும். இதிலிருந்து வரும் சுலபமான கணக்கு இதுதான்: ஃபுல் எச்டி ரீவியின் இன்ச்சை 0.13 ஆல் பெருக்குங்கள். 43 இன்ச்சுக்கு ஏறத்தாழ ஐந்தரை அடி வரும். 55 இன்ச்சுக்கு 7 அடியும் கொஞ்சமும். 65க்கு எட்டரை அடி. அந்தத் தூரத்துக்கு அப்பால் இருந்து பார்ப்பவருக்கு ஃபுல் எச்டியின் புள்ளியே பிரியாது. பிரியாத புள்ளியை 4கே இன்னும் சிறிதாக்கி என்ன பயன்?

அப்பாவின் கதிரை 11 அடியில். அங்கிருந்து 80 இன்ச் ரீவியைப் பார்த்தால்கூட, ஃபுல் எச்டியா 4கேயா என்று புள்ளியை வைத்துப் பிரித்தறிய முடியாது. அவருடைய ஒரு கண்ணில் இன்னும் வெண்புரை வேறு. ஆக, உங்கள் கணவர் சொன்னதில் நியாயம் இருக்கிறது. அதை மகனிடமும் சொல்லுங்கள்.

ஆனால் அவர் 32 இன்ச்சை மனதில் வைத்துச் சொல்கிறார் என்றால் நான் உடன்பட மாட்டேன். 11 அடியில் 32 இன்ச் மிகச் சிறியது. கிரிக்கெட் ஸ்கோரை அப்பா பேரனிடம் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கும். வயதானவருக்கு உதவுவது எழுத்தின் பருமன். புள்ளியின் எண்ணிக்கை அதற்குப் பிறகுதான்.

பருமனுக்குக் காசு இல்லாத வழி ஒன்று இருக்கிறது. அப்பாவின் கதிரையை மூன்று அடி முன்னால் இழுங்கள். 8 அடியில் இருந்து பார்க்கும் 43 இன்ச், 11 அடியில் இருந்து பார்க்கும் 55 இன்ச்சை விடக் கண்ணுக்குக் கொஞ்சம் பெரிதாகவே தெரியும். சந்தேகமாக இருந்தால் பழைய அட்டைப் பெட்டியை 43 இன்ச் ரீவி அளவுக்கு, அகலம் மூன்று அடி ஒன்றரை இன்ச், உயரம் ஒரு அடி ஒன்பது இன்ச் என்று வெட்டிச் சுவரில் ஒட்டி, அப்பாவை இருத்திப் பாருங்கள். மற்றவர்கள் நடக்க வழி விட்டு, கதிரை எங்கே நிற்கலாம் என்பதையும் அப்போதே முடிவு செய்துவிடலாம்.

சரி, அப்படியென்றால் 43 இன்ச் ஃபுல் எச்டி போதுமே என்று நீங்கள் கேட்கலாம். ரீவி மட்டும் பார்க்கும் வீடு என்றால் நானும் அதைத்தான் சொல்லியிருப்பேன். பாயில் 6 அடியில் இருக்கும் பிள்ளைகளுக்கும் அது காணும். என் முடிவை மாற்றியது நீங்கள் கடைசியில் போகிற போக்கில் எழுதிய வரி. மகள் வினாத்தாள் பார்க்க நான்கு அடிக்குக் கிட்ட வந்து இருப்பாள். அசையும் முகத்தில் தெரியாத குறை அசையாத எழுத்தில் தெரியும். இரசாயனச் சமன்பாட்டில் கீழே போடும் சின்ன இலக்கம், கணிதத்தில் அடுக்கு, வரைபடத்தின் மெல்லிய கோடு எல்லாம் அந்தத் தூரத்தில் 4கே திரையில் அச்சுப் போல இருக்கும். உங்கள் வீட்டில் 4கேக்கு உண்மையான வேலை இருக்கிறது என்றால் அது மகளிடம்தான். அவளுடைய லப்டொப் 4கே படத்தை வெளியே அனுப்புமா என்பதை மட்டும் முதலில் பாருங்கள். மிகப் பழையது என்றால் அனுப்பாது. அப்போது ஃபுல் எச்டியோடு நிற்கலாம், மிச்சக் காசு உங்களுக்கு.

மற்றக் கேள்விகள் இரண்டும்

4கே கண்ணைக் கெடுக்காது. கிட்ட இருந்து பார்ப்பதாலும் கண் நிரந்தரமாகக் கெட்டுப்போகாது. இமைக்க மறந்து பார்த்துக்கொண்டே இருப்பதால் கண் உலரும், களைக்கும், தலை இடிக்கும். விளக்கை அணைத்துவிட்டு இருட்டில் பார்ப்பதைக் குறைத்தால் நல்லது. மகன் எப்போதும் ரீவிக்குக் கிட்டக் கிட்டப் போகிறான் என்றால் அது கிட்டப்பார்வையின் அறிகுறியாக இருக்கலாம். அதைக் கண் வைத்தியர் பார்க்க வேண்டும்.

கரண்ட்: ரீவியின் பின்னால் ஒட்டியிருக்கும் தாளில் எத்தனை வோட்ஸ் என்று இருக்கும். 43 இன்ச் ஒன்று 100 வோட்ஸ் எடுக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். நாளுக்கு 5 மணித்தியாலம் ஓடினால் அரை யூனிட், மாதம் 15 யூனிட். உங்கள் பழைய பெட்டியும் இதற்குக் கிட்டத்தான் எடுத்திருக்கும். 65 இன்ச் இதைவிட நன்றாகக் கூட எடுக்கும். நம் பில்லில் யூனிட் ஒரு படியைத் தாண்டினால் விலையும் ஏறும் என்பதால் உங்கள் பில் இப்போது எந்தப் படியில் நிற்கிறது என்று பாருங்கள்.

அந்த மலிவு "4கே" பற்றி

கல்முனையில் சொன்ன 32 இன்ச் 4கேயை நான் நம்பவில்லை. 32 இன்ச்சில் வரும் ரீவிகள் பெரும்பாலும் 1366க்கு 768, அதாவது 10 இலட்சம் புள்ளிகள் உள்ளவை. கொஞ்சம் ஃபுல் எச்டியும் வரும்.

போன வருடம் இதே மாதிரி ஒரு ரீவி என் பட்டறைக்கு வந்தது. முன்னால் மூலையில் பொன் நிறத்தில் 4கே என்று ஸ்டிக்கர். திரையில் வெளிச்சம் வரவில்லை என்று கொண்டுவந்தார்கள். மேசையில் துணி விரித்துக் கவிழ்த்து, பின் மூடியின் ஆணிகளைக் கழற்றினேன். கடற்கரை வீடு, உப்புக் காற்றில் நான்கு ஆணி துருப்பிடித்து இறுகியிருந்தது. மூடியை எடுத்ததும் திரையின் முதுகில் அதைச் செய்த கொம்பனி ஒட்டிய சிறு வெள்ளைத் தாள் இருந்தது. அந்த இலக்கத்தைத் தேடிப் பார்த்தால் 1366க்கு 768. வீட்டுக்கார அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் ஸ்டிக்கரையும் அந்தத் தாளையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றார். விற்றவர் 4கே விலை வாங்கியிருந்தார். பெட்டியைப் புரட்டிப் பார்த்தால் சின்ன எழுத்தில் "4கே சப்போர்ட்" என்று இருந்தது. 4கே வீடியோவை வாங்கி, சுருக்கி, தன்னிடம் உள்ள 10 இலட்சம் புள்ளியில் காட்டும் என்பதுதான் அதன் அர்த்தம்.

கடையில் மூடியைக் கழற்ற விடமாட்டார்கள். அதற்கு நான் சொல்லிக்கொடுக்கும் வழி இது. வீட்டில் ஒரு தமிழ்ப் பத்திரிகையை மேசையில் விரித்து, போன் கமராவை 4கேக்கு மாற்றி, இரண்டு அடி அகலம் சட்டத்துக்குள் வரும் உயரத்தில் போனை ஆடாமல் வைத்து அரை நிமிட வீடியோ எடுங்கள். போட்டோ வேண்டாம், சில 4கே ரீவிகள் போட்டோவை ஃபுல் எச்டியில்தான் காட்டும். வீடியோவை பென் டிரைவில் போட்டுக் கடைக்குக் கொண்டுபோய், ரீவியில் ஓடவிட்டு, ஒரு அடி கிட்ட நின்று செய்தியின் சின்ன எழுத்தைப் பாருங்கள். மெய்யெழுத்தின் மேல் புள்ளி தனியாக நிற்கிறதா? ண எது, ன எது என்று சுழியை எண்ண முடிகிறதா? 4கே திரையில் முடியும். 10 இலட்சப் புள்ளித் திரையில் புள்ளி எழுத்தோடு ஒட்டிவிடும், இரண்டு சுழியும் மூன்று சுழியும் ஒரே கறுப்புக் கட்டியாகிவிடும். பக்கத்தில் வேறு 4கே ரீவி இருந்தால் அதிலும் அதே வீடியோவைப் போட்டு ஒப்பிடுங்கள். மூக்குக்கண்ணாடி போடுபவர் போட்டுக்கொண்டு போகவேண்டும்.

கடையில் ஓடும் கடல் மீன், பூந்தோட்ட வீடியோக்களைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். அவை அந்த ரீவிக்கென்றே எடுத்தவை, நிறத்தையும் வெளிச்சத்தையும் உச்சத்தில் வைத்திருப்பார்கள். கடையில் டிஷ் இணைப்பு இருந்தால் நீங்கள் வழக்கமாகப் பார்க்கும் சனலைப் போடச் சொல்லுங்கள். அந்த மெழுகு முகம் எந்த ரீவியில் குறைவாக இருக்கிறதோ அதுதான் உங்கள் வீட்டு ரீவி.

தவணையும் கட்டார் ரீவியும்

12,900ஐ 24 ஆல் பெருக்கினால் 309,600. கைக்காசு விலையைவிட 74,600 ரூபா கூட. ஒரு தவணை பிந்தினால் என்ன அறவிடுவார்கள், ரீவியைத் திருப்பி எடுப்பார்களா என்பதெல்லாம் நீங்கள் கையெழுத்து வைக்கும் தாளில்தான் இருக்கும். தம்பி வெயிலில் நின்று உழைத்து அனுப்பிய காசைத் தவணைக்குக் கொடுத்துவிட்டு, மிச்சத் தவணைக்குக் கணவரின் சம்பளத்தையும் கட்டிப்போடும் அளவுக்கு அந்த 65 இன்ச்சில் உங்கள் வீட்டுக்கு எதுவும் இல்லை. அதில் டிஷ் படமும் மோசமாகத்தான் தெரியும்.

தம்பி கொண்டுவரும் ரீவி இங்கே வேலை செய்யும். கட்டாரிலும் இங்கும் மின்சாரம் ஏறத்தாழ ஒன்றுதான். பயம் வேறு இடத்தில். வழியில் திரை வெடித்தால் ரீவியே போன மாதிரி. திரையை மாற்றும் செலவு பெரும்பாலும் புது ரீவிக்குக் கிட்ட வந்துவிடும். அங்கே கொடுத்த வொரண்டி அட்டையை இங்குள்ள முகவர் பெரும்பாலும் ஏற்க மாட்டார். சுங்கத் தீர்வையையும் விசாரிக்க வேண்டும். தம்பியின் அன்புக்கு நன்றி சொல்லி, ரீவியை இங்கே வாங்குவதாகச் சொல்லிவிடுங்கள்.

பில்லில் எழுதி வாங்குங்கள்

மொடல் இலக்கம், தொடர் இலக்கம், "4கே, 3840க்கு 2160" என்ற வார்த்தை, வொரண்டிக் காலம் இத்தனையும் பற்றுச்சீட்டில் இருக்கட்டும். எழுத மறுக்கும் கடையில் வாங்காதீர்கள். மொடல் இலக்கத்தைக் கொம்பனியின் இணையப் பக்கத்தில் போட்டு, திரையின் ரெசலூசன் என்ன என்று மகளை வாசிக்கச் சொல்லுங்கள். இரண்டும் பொருந்த வேண்டும்.

இல்லாததை இருப்பதாகச் சொல்லி விற்பது 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டத்தின்படி குற்றம். வாங்கி மூன்று மாதத்துக்குள் எழுத்தில் முறைப்பாடு கொடுக்க வேண்டும். 1977 என்ற இலக்கத்துக்கு அழைத்தும் விசாரிக்கலாம். பில் இல்லாமல் போனால் உங்கள் பக்கத்தில் நின்று பேச ஒன்றும் இருக்காது. என்னிடம் வந்த அந்த அம்மாவிடம் பில் இருக்கவில்லை.

வொரண்டி அட்டையில் இடி, வோல்ட்டேஜ் கூடுதல் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்றும் வாசியுங்கள். பெரும்பாலும் அதற்குப் பொறுப்பில்லை என்றுதான் இருக்கும். உங்கள் பழைய ரீவி எப்படிப் போனது என்று உங்களுக்கே தெரியும். மழை இருட்டும்போது பிளக்கை மட்டும் கழற்றினால் போதாது, டிஷ்ஷில் இருந்து வரும் வயரையும் பெட்டியிலிருந்து கழற்றிவிட வேண்டும். இடி அந்த வழியாலும் இறங்கும்.

ஆக, 43 இன்ச், பெயர் தெரிந்த கொம்பனி, உண்மையான 4கே, கைக்காசு. மிச்சத்தில் எச்டிஎம்ஐ வயரும் நல்ல ஸ்டெபிலைசரும். கதிரை 8 அடிக்கு.

ரீவி வாங்கும் அவசரத்தில் அப்பாவின் மற்றக் கண்ணைப் பின்னுக்குத் தள்ளிவிடாதீர்கள். கண் கிளினிக்கில் திகதி வாங்கி வையுங்கள். சத்திரசிகிச்சை முடிந்து வீட்டுக்கு வந்த புதிதில் வெள்ளையெல்லாம் கொஞ்சம் நீலமாகத் தெரிகிறது, வெளிச்சம் கூசுகிறது என்று சொல்வார். ரீவி பழுது என்று நினைத்து யாரையும் கூப்பிட வேண்டாம். பட அமைப்பில் "விவிட்" என்று இருப்பதை "ஸ்டாண்டர்ட்" அல்லது "மூவி"க்கு மாற்றி, வெளிச்சத்தைக் குறைத்துவிடுங்கள். அதை மாற்றத் தெரியாவிட்டால் மகனிடம் ரிமோட்டைக் கொடுங்கள்.